மெதுவாகக் குட்டக் கூடாது

பள்ளத்தூரில் இரண்டு தெரு உள்ளே திரும்பியதும் லோடு ஆட்டோ நின்றது. முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லைவாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்த அந்த வீட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்து முடிப்பதற்குள் ரேணுகாவுக்குக் கழுத்து வலித்தது.

"முழுசும் நமக்குன்னு நெனச்சுக் கூட்ட ஆரம்பிச்சிராத," என்றான் அவள் புருஷன் அருள்பாண்டி. "பின்கட்டு மட்டுந்தான். முழு வீட்டையும் கூட்டுனா, நீ இந்தக் கோடிக்கு வாரதுக்குள்ள அந்தக் கோடியில தூசி சேந்துரும்."

ஆட்டோக்காரன் உடையப்பன் சிரித்தான். ரேணுகா சிரிக்கவில்லை. சிரித்து நாளாகிவிட்டது. காரணம் ஆட்டோவின் பின்பக்கம், பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சௌபர்ணிகா. ஏழு வயது. செக்காலைப் பக்கம் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். கடைசியாக ஒரு பையனைப் படிக்கட்டில் தள்ளிவிட்டதில் அவன் பல் உடைந்தது. அதற்கு முன்னால் ஒருத்தியின் கையைக் கடித்தாள். அதற்கும் முன்னால் இன்னொருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு முறையும் ரேணுகா கையில் கிடைத்ததை எடுத்து விளாசுவாள். கரண்டி, விளக்குமாறு, தையலுக்கு வைத்திருக்கும் மரஸ்கேல். அடித்த காயம் ஆறுவதற்குள் பள்ளியிலிருந்து அடுத்த போன் வந்துவிடும். 'இன்னும் எப்படித்தான் அடிக்கிறது?' என்று அவளுக்கு அழுகையே வரும்.

அருள்பாண்டிக்குப் பக்கத்து ஊரில், பழைய வீட்டை ஓட்டலாக மாற்றிய ஓரிடத்தில் எலெக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. ஊர் மாறினால் பிள்ளையும் மாறும் என்று ரேணுகா நம்பினாள். நம்புவதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் சென்னையில். காவலுக்கு இருந்த பெரியகருப்பன் கொல்லைவாசலைத் திறந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். தோளில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து.

"வாங்க தாயி. மூட்டைப்பூச்சி கெடையாது. பாம்பு எப்பவாச்சும் வரும், அதுவும் நம்மளப் பாத்தா பயந்து ஓடிரும்."

பின்கட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி. அதை ஒட்டி நீளமாக ஒரு கூடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளவென்று இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்ததால் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கருக்கல். கூடத்தின் மறுகோடி கண்ணுக்கே தெரியவில்லை.

"அங்குட்டு கரண்டு இல்ல," என்றார் பெரியகருப்பன். பிறகு சௌபர்ணிகாவைப் பார்த்துக் குனிந்து, "பேரென்ன பாப்பா?" என்று கன்னத்தைத் தட்டக் கையை நீட்டினார்.

கை முகத்துக்குப் பக்கத்தில் வந்ததுதான் தெரியும். சௌபர்ணிகா அதைப் பிடித்துக் கடித்துவிட்டாள்.

"ஆத்தாடி!" என்று பெரியவர் கையை உதறினார்.

ரேணுகா ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்தச் சத்தம் கூடம் முழுக்க ஓடி எதிரொலித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு முறை கேட்டது.

அதைக் கவனிக்கும் நிலையில் ரேணுகா இல்லை. மகளின் தோளைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, கூடத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பயணக் களைப்பு, வெயில், அவமானம் எல்லாம் சேர்ந்து அவளைக் கத்த வைத்தது.

"என்னால முடியலப்பா! யாராச்சும் இவளக் கூட்டி வச்சுத் திருத்துங்க. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சாலும் சரி, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டேன்!"

"யாருகிட்ட ஒப்படைக்கிற? செவுத்துகிட்டயா?" என்றான் அருள்பாண்டி, கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டே. "எங்கப்பாவும் இதே வார்த்தையச் சொல்லித்தான் என்னயப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாரு."

பெரியகருப்பன் மட்டும் கடிபட்ட கையை மறந்துவிட்டு, இருட்டாக இருந்த கோடியையே பார்த்தார். அங்கே முட்டி சொடுக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்திருப்பது போல.

"எலியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக வெளியே போய்விட்டார்.

எலிக்கு ஏது முட்டி என்று ரேணுகாவுக்கு அப்போது தோன்றவில்லை.

கோடை விடுமுறையின் மிச்ச நாட்கள் ஆச்சரியமாகக் கழிந்தன. சௌபர்ணிகா சண்டை போடவில்லை. தெருப் பிள்ளைகளோடு வம்புக்குப் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தானாகக் கூடத்துக்குப் போய்விடுவாள். அவள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் அங்கிருந்து கேட்கும்.

"ஈரெண்டு நாலு... மூவிரண்டு ஆறு..."

ரேணுகா அடுப்படிக்கு எதிரே மிஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள். மிஷின் ஓடும்போது ஒரு குரல்தான் கேட்கும். நூல் மாற்ற நிறுத்தினால், வேறு குரல்களும் சேர்ந்து கேட்பது போல இருக்கும். எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். கூடவே ஒரு வாசனை வரும். சிலேட்டுக்குக் கரியும் கோவையிலையும் பூசினால் வருமே, அந்தப் பச்சை வாடை. இந்தக் காலத்தில் யார் சிலேட்டுக்குக் கோவையிலை தேய்க்கிறார்கள்? கொல்லையில் கொடி எதுவும் இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

நிம்மதி கிடைக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு சாயங்காலம் தலை வாரும்போது சீப்பு எதிலோ தட்டியது. சௌபர்ணிகா 'ஸ்ஸ்' என்றாள். ரேணுகா முடியை விலக்கிப் பார்த்தாள். உச்சியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அதன் பக்கத்தில் இன்னொன்று. பின்மண்டையில் வரிசையாக இன்னும் சில, ஒன்று பழுத்து, ஒன்று கறுத்து.

"எங்கடி முட்டிக்கிட்ட?"

"முட்டல."

"பின்ன?"

"மெதுவாக் குட்டிட்டேன்," என்றாள் சௌபர்ணிகா.

"யாரைக் குட்டுன? ஒந்தலையில எப்புடி வீங்கும்?"

ரேணுகாவுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. கேட்டால் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழக்கம்தான் அவளை ஒவ்வொரு முறையும் வெறியேற்றும். கை தானாக ஓங்கியது. சௌபர்ணிகா விலகவில்லை. அழவில்லை. கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, குட்டுவதற்கு வாகாகத் தலையைக் காட்டினாள்.

ஓங்கிய கையை ரேணுகா எப்படி இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம் போன் வந்தது.

ஊருக்குள்ளேயே இருந்த சின்னப் பள்ளி அது. மீனலோசனி டீச்சர் வகுப்புக்கு வெளியே நின்று ரேணுகாவுக்காகக் காத்திருந்தாள். இளவயது. அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது.

"நான் ஆபீசுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நடந்துருச்சுங்க. உங்க பொண்ணு போர்டுல கணக்கு எழுதிப்போட்டு ஒவ்வொருத்தரா எந்திரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கு. தப்பாச் சொன்ன பிள்ளைக எல்லாத்தையும் வரிசையாக் குட்டியிருக்கு. ஒரு பையனுக்கு ரத்தம் வந்துருச்சு."

"கோபத்துல செஞ்சிருப்பா டீச்சர். கொஞ்சம் முரட்டுப் பிள்ள..."

"கோபமே இல்லங்க." மீனலோசனி குரலைத் தாழ்த்தினாள். "நான் வாசல்ல நின்னு பாத்தேன். வேல செய்யிற மாதிரி செஞ்சுச்சு. என்னயப் பாத்ததும் கையக் கட்டிக்கிட்டு, 'முடிஞ்சிருச்சு வாத்தியாரே'ன்னுச்சு. என்னய இல்ல. எனக்குப் பின்னாடி பாத்துச் சொன்னுச்சு."

பள்ளி வாசலில் ரத்தம் வந்த பையனின் அம்மா காத்திருந்தாள். சுங்குடிச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு.

"பிள்ளைய வளக்கச் சொன்னா பிசாச வளத்து அனுப்பியிருக்கீக!"

"நான் கண்டிக்காமலா இருக்கேன்? அடிச்சுத்தான் வளக்குறேன்!" என்றாள் ரேணுகா.

"அதான் தெரியுதே," என்றாள் அந்த அம்மா. "நீங்க வீட்ல சொல்லிக்குடுக்கிறத அது இங்க வந்து ஒப்பிக்குது."

தலைமையாசிரியை சுருக்கமாக முடித்தாள். இன்னொரு முறை நடந்தால் டி.சி. இந்தப் பள்ளியும் போனால் வேறு பள்ளி எதுவும் எடுக்காது என்பது ரேணுகாவுக்குத் தெரியும். வீடு வரும் வரை மகளின் கையை விடவில்லை. நேராக மிஷினுக்குப் போய் மரஸ்கேலை எடுத்தாள்.

"சொல்லு! ஏன்டி அடிச்ச?"

"தப்பாச் சொன்னா, சரியாச் சொன்னவக குட்டணும்மா. அதான் சட்டம்."

"எவன் போட்ட சட்டம்?"

"மெதுவாக் குட்டக் கூடாது. மெதுவாக் குட்டுனா, எப்புடிக் குட்டணும்னு நம்ம தலையில குட்டிக் காட்டுவாக. மொதல்ல நான் மெதுவாத்தான் குட்டுனேன். வலிக்குமேன்னு." சௌபர்ணிகா தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டாள். "இப்ப நல்லாக் குட்டுறேன். இப்ப எனக்கு விழுகிறதில்ல."

"யாருடி காட்டச் சொன்னது?"

"வாத்தியாரு."

"எந்த வாத்தியாரு?"

சௌபர்ணிகா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது போல.

"நீதானம்மா சேத்துவிட்ட."

ஸ்கேல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

ரேணுகா வாசலுக்கு ஓடினாள். பெரியகருப்பன் வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அந்தக் கூடத்துல முன்ன என்ன இருந்துச்சு?"

"என்னத்த இருந்துச்சு... நெல்லு போட்டிருந்தாக."

"அதுக்கு முன்ன?"

அவர் தீக்குச்சியை விரல் சுடும் வரை பிடித்திருந்தார்.

"பள்ளிக்கூடம். நான் பெறக்கிறதுக்கு முன்ன. வாத்தியாரு ஒருத்தரு இருந்தாராம். ஒரு பிள்ளையக்கூட அவரு கையால அடிச்சதில்லன்னு பேரு. பிள்ளைகள விட்டே பிள்ளைகள அடிக்க வைப்பாராம். ஒரு பய மத்தியானம் பூரா வகுப்பு மொத்தத்துகிட்டயும் குட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிப் படுத்தான். எந்திரிக்கல. அவன் அப்பன் பஞ்சாயத்துல வந்து ஒரு வார்த்த பேசலையாம் தாயி. எப்புடிப் பேசுவான்? சேத்துவிட்ட அன்னைக்கு, கண்ண மட்டும் விட்டுட்டு மத்தத எடுத்துக்கங்கன்னு அவன் வாயாலதான் சொல்லியிருக்கான்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னா வாடகைக்கு வருவீகளா?" என்று எரிந்து விழுந்தார் அவர். பிறகு குரல் இறங்கியது. "நீங்க அந்த வார்த்தயச் சொல்லுவீகன்னு நான் கண்டேனா? எத்தனையோ பேரு குடியிருந்தாக. யாரும் அங்க நின்னு பிள்ளைய ஒப்படைக்கல."

சாப்பாட்டு நேரத்தில் அருள்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே காதில் வாங்கினான்.

"பெருசு பீடிக்குக் காசு கேட்டு அடி போடுறாரு. நீ வேற."

"தலையில தொட்டுப் பாருங்க. எத்தன வீக்கம்னு பாருங்க."

"பிள்ளைகன்னா நாலு குட்டு வாங்கத்தான் செய்யும். எங்கப்பா என்னய மாட்டுக் கயித்தால அடிச்சாரு. இன்னைக்கு நான் நல்லா இல்லையா?"

"நல்லாவா இருக்கீக?" என்றாள் ரேணுகா. "உங்கப்பா செத்தன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீகளா?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

மறுநாள் சனிக்கிழமை. அருள்பாண்டி வேலைக்குப் போய்விட்டான். காலை முழுக்க ரேணுகா மகளைக் கண்பார்வையிலேயே வைத்திருந்தாள். உச்சி வெயிலில் ஒரு கணம், அடுப்பை அணைக்கத் திரும்பினாள்.

கோவையிலை வாடை.

திரும்பிப் பார்த்தபோது சௌபர்ணிகா இல்லை.

கூடத்தின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நிறையப் பிள்ளைகள் மூச்சு விடும் சத்தம். அவள் காலை வைத்ததும் சட்டென்று அடங்கியது, வகுப்புக்குள் வேற்றாள் வந்தால் அடங்குவது போல.

சௌபர்ணிகா நடுவில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் வெறும் தரை. கையை முஷ்டியாக மடக்கி, நடுவிரல் கணுவை மட்டும் துருத்திக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் காற்றைக் குட்டினாள்.

ணக்.

சத்தம் வந்தது.

ஓரடி நகர்ந்தாள். மறுபடி காற்றில் குட்டினாள்.

ணக்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சௌபி, வாடா," என்று ரேணுகா கிசுகிசுத்தாள். "போயிரலாம்."

"பாடம் முடியலம்மா. உக்காரு."

"நான் உன்னயக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"உக்காரச் சொல்றாக."

ரேணுகாவின் முட்டிகள் மடங்கின. அவள் மடக்கவில்லை. குளிர்ந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் மார்பின் மேல் கட்டிக்கொண்டன. எதிரே இருட்டு. அந்த இருட்டில் துவைத்த வேட்டியின் கஞ்சி வாடை. அதுவரை கவனிக்காத ஒன்றை அவள் அப்போது கவனித்தாள். இருட்டு மூச்சு விடவில்லை.

சௌபர்ணிகா தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"ஒன்னய ஒரு கேள்வி கேக்கச் சொல்றாக. பிள்ளைய ஏன் அடிச்ச?"

"நீ... நீ திருந்தணும்னுதான்."

"தப்பாம்."

சௌபர்ணிகா அருகில் வந்தாள். ரேணுகாவின் உச்சியில் பூப்போல ஒரு தட்டுத் தட்டினாள்.

உடனே சௌபர்ணிகாவின் தலை முன்னால் தெறித்தது.

ணக்.

குழந்தையின் கண்கள் நிறைந்தன.

"சௌபி! ஓங்கிக் குட்டுடி! அம்மாவுக்கு வலிக்காது. நல்லா ஓங்கிக் குட்டு!"

"மாட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடி கேக்கச் சொல்றாக. ஏன் அடிச்ச?"

"எங்கம்மா என்னய அப்புடித்தான் அடிச்சாக..."

"தப்பாம்."

இன்னொரு பூத்தட்டு. இன்னொரு ணக். இந்த முறை சௌபர்ணிகா தடுமாறி, ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டாள். முடிக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு காதோரமாக இறங்கியது.

"ஏன் அடிச்சம்மா?"

இந்த முறை அது யார் கேள்வி என்று ரேணுகாவுக்குத் தெரியவில்லை.

கோபத்தில் அடித்தேன் என்று சொல்லலாம். அதுவும் முழுசாக உண்மை இல்லை. பள்ளி வாசலில் அந்த அம்மா பேசியபோதும்தான் கோபம் வந்தது. அவள் மேல் கை ஓங்கவில்லையே. ரசத்தை உறிஞ்சிய புருஷன் மேலும்தான் கோபம். அவனையும் அடிக்கவில்லையே.

"நீ சின்னவ," என்றாள் ரேணுகா. "நீ என்னயத் திருப்பி அடிக்க முடியாது. அதான்."

சௌபர்ணிகா தலையைச் சாய்த்து இருட்டுக்குக் காது கொடுத்தாள்.

"சரியாம்," என்றாள் சௌபர்ணிகா.

ரேணுகாவின் கைகள் விடுபட்டன. கால்களில் உயிர் வந்தது. எழுந்து நின்றாள். சௌபர்ணிகா நகரவில்லை. அம்மாவுக்கு எதிரே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்தை நீட்டித் தலையைக் காட்டினாள்.

"என்னடா பண்ற? எந்திரி!"

"அதே கேள்விய என்கிட்டயும் கேட்டாக. தெரியலன்னு சொல்லிட்டேன். சரியாச் சொன்னவக தப்பாச் சொன்னவகளக் குட்டணும்." நிமிராமலே சொன்னாள். "ஓங்கிக் குட்டும்மா. மெதுவாக் குட்டுனா ஒனக்கு விழும்."

ரேணுகாவின் வலது கை தானாக மேலே போனது. விரல்கள் மடங்கின. எவ்வளவு சுலபமாக மடங்கின என்பதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அதை யாரும் மடக்கத் தேவையிருக்கவில்லை. வருஷக்கணக்கில் பழகிய கை.

இருட்டு ஒரு அடி முன்னால் வந்தது.

கஞ்சி வாடை முகத்தில் அடித்தது.

அவள் முஷ்டியை விரித்தாள். ஒவ்வொரு விரலாக. விரித்த உள்ளங்கையை மகளின் உச்சந்தலையில் வைத்துப் பொத்தினாள்.

புறங்கையில் இடி விழுந்தது. எலும்பு நொறுங்கியது போல வலி. கையை எடுக்கவில்லை. மறுபடி விழுந்தது. இன்னொரு கையையும் கொண்டுவந்து மூடினாள்.

"நான் சொன்னது தப்பு!" என்று கத்தினாள். "தோலுந் தரமாட்டேன், கண்ணுந் தரமாட்டேன். எம்பிள்ளைய நான் யாருக்கும் குடுக்கல!"

மகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். முதுகில், தோளில், பிடரியில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கைதான் அடித்தது என்று சொல்ல முடியாது. சின்னச் சின்னக் கைகள். கொல்லைவாசலைத் தாண்டி வெயிலில் வந்து விழுந்தபோதுதான் நின்றது.

பேருந்து பிடித்து, செக்காலையில் இருந்த அக்கா வீட்டு மாடி அறைக்கு அன்றைக்கே வந்து சேர்ந்தாள். டாக்டர் சௌபர்ணிகாவுக்குத் தையல் போட்டார். ரேணுகாவின் கையைப் பார்த்து, எதில் நசுங்கியது என்று கேட்டார். அவள் கதவு என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் சௌபர்ணிகா நிறைய அழுதாள். தூக்கத்தில் உதைத்தாள். ஒரு தம்ளரை வீசி எறிந்தாள். அக்கா மகனின் பென்சிலைப் பிடுங்கினாள். ஒவ்வொரு முறையும் ரேணுகா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டாள். பாதி நாள் பதில் வராது. எரிச்சல் வரும். மாடி வராந்தாவில் போய் நின்று தெருவைப் பார்த்து நாலு பேரைத் திட்டிவிட்டு வருவாள். அடிப்பது எவ்வளவு சுலபமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் சௌபர்ணிகா அந்தப் பென்சிலைத் தானே கொண்டுபோய் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களோடு வந்து தங்கியிருந்த அருள்பாண்டி, பின்கட்டில் கிடந்த சாமான்களை எடுத்துவரக் கிளம்பினான்.

"கூடத்துக்குள்ள மட்டும் போகாதீக," என்றாள் ரேணுகா.

"போவேன்," என்றான் அவன். "நட்ட நடுவுல நின்னு, எங்க, வாத்தியாரய்யா, எனக்கு ரெண்டு குட்டு வைய்யி பாப்பம்னு கேக்குறேன். அடி வாங்கித்தான் நான் மனுசனானேன். எனக்கென்ன பயம்?"

வெயில் இறங்கும் நேரத்தில் லோடு ஆட்டோ வந்து நின்றது. உடையப்பன் மட்டும் இறங்கி மாடி ஏறி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, சாமான ஏத்தி முடிச்சும் அண்ணன் வரல. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன். உள்ள போயிப் பாத்தா இருட்டுல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. கையப் பிடிச்சுத்தான் கூட்டியாந்தேன். வழியெல்லாம் ஒரு பேச்சுப் பேசல."

அருள்பாண்டி படியேறி வந்தான். நாற்காலியைப் பார்த்தான், உட்காரவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டான்.

"என்னங்க?" என்றாள் ரேணுகா. "என்னங்க ஆச்சு?"

அவன் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டான்.

சௌபர்ணிகா விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அப்பாவின் எதிரே நின்று, அவன் உட்கார்ந்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் குனிந்து கேட்டாள்.

"எந்த வரிசைப்பா?"

"கடைசி," என்றான் அருள்பாண்டி. சின்னப் பையனின் குரல். "ஒனக்கும் பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்காக."

ரேணுகா பாய்ந்து வந்து மகளின் தலையை இரண்டு கைகளாலும் பொத்தினாள்.

அருள்பாண்டி கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை. உடையப்பன் வாசலில் நின்றிருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

அவள் புறங்கையில் சுளீரென்று விழுந்தது.